ஒப்புதலின் அளவுகோல்: ஸ்பானியத் துல்லியச் சொற்கள் குறித்து

ஸ்பானியம் கற்பிக்கும் பாடநூல்கள் பலவற்றில் ஒரு கட்டம் போட்டுச் சில சொற்களை அடுக்கியிருப்பார்கள்: ஸீ, க்ளாரோ, எக்ஸாக்தோ, ப்ரெஸிஸாமென்தே, எஃபெக்திவாமென்தே, போர் ஸுப்வெஸ்தோ. எதிரே 'ஆம்', 'சரிதான்', 'நிச்சயமாக' என்று பொருள் தந்திருக்கும். படிப்பவர் எல்லாம் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வார். பேசும்போது நாக்கில் எது முந்துகிறதோ அதைச் சொல்வார். இலக்கணப் பிழை எதுவும் இருக்காது. ஆனாலும் எதிரே இருக்கும் மாட்ரிட்காரருக்கோ மெக்ஸிகோக்காரருக்கோ ஏதோ இடறும். சாதாரணமாகக் கேட்ட கேள்விக்குச் சிடுசிடுப்பாகப் பதில் வந்தது போலவோ, தான் சொல்லவே சொல்லாத ஒன்றை இவர் ஆமோதித்தது போலவோ இருக்கும்.

இவற்றை ஒரே கட்டத்துக்குள் அடைத்ததுதான் கோளாறு என்பது என் கட்சி. ஸ்பானியத்தில் ஒருவர் சொன்னதை ஒப்புக்கொள்ளும்போது, ஏன் ஒப்புக்கொள்கிறேன் என்பதையும் அந்த ஒற்றைச் சொல்லே சொல்லிவிடுகிறது. அளந்து பார்த்தேன், பொருந்துகிறது என்பதற்கு ஒரு சொல். கண்ணுக்கே தெரிகிறதே என்பதற்கு ஒரு சொல். நடந்ததும் அப்படியே நடந்தது என்பதற்கு ஒரு சொல். நீங்கள் கேட்டு நான் மறுப்பதா என்பதற்கு ஒரு சொல். துல்லியத்தைக் குறிக்கும் வினையடைகளே ஒப்புதலையும் குறிப்பது இதனால்தான்.

ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்ப்போம். 'லா ரெயுனியோன் எஸ் ஆ லாஸ் ஸிங்கோ, நோ?' அதாவது, கூட்டம் ஐந்து மணிக்குத்தானே? இதற்கு 'ஸீ' என்றால் தகவல் உறுதியாயிற்று, அவ்வளவுதான். 'க்ளாரோ' என்றால் 'ஆமா, பின்னே?' என்ற தொனி கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நண்பர்களுக்குள் அது இயல்பு. உண்மையிலேயே தெரியாமல் கேட்ட புதியவரிடம் சொன்னால் சுருக்கென்றிருக்கும். 'எக்ஸாக்தோ' என்றால், நீ சொன்ன மணியும் எனக்குத் தெரிந்த மணியும் ஒத்துப்போகின்றன என்று பொருள். அதனால்தான் 'ஆ கே ஓரா எஸ்?' (எத்தனை மணிக்கு?) என்ற வெறும் கேள்விக்கு 'எக்ஸாக்தோ' பதிலாகாது. ஒப்பிட்டுப் பார்க்க எதிராளி ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். 'என் எஃபெக்தோ' என்றால் அலுவலகத் தோரணை வந்துவிடும். 'போர் ஸுப்வெஸ்தோ' இந்த இடத்தில் கொஞ்சம் அதிகப்படி, 'உள்ளே வரலாமா?' என்று கேட்டவரிடம் சொன்னால் கச்சிதமாக இருக்கும். 'ப்ரெஸிஸாமென்தே' என்று தொடங்கினாலோ அது பேச்சை முடிக்காது, திருப்பும்: 'அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வந்தேன்' என்பது போல ஒன்று பின்னால் வரப்போகிறது என்று கேட்பவர் காத்திருப்பார்.

ஒலிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானியத்தின் த-ஒலி நம் 'த'வைப் போலவே நாக்கு பல்லைத் தொட்டுப் பிறப்பது. அதனால் ஆங்கிலப் பழக்கத்தில் 'எக்ஸாக்டோ' என்று எழுதாமல் 'எக்ஸாக்தோ' என்றே எழுதுகிறேன். தமிழ் பேசுபவருக்கு இந்த மொழியில் முதல் நாளே கைவரும் ஒலிகளில் இது ஒன்று.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் 'ஸீ'யிலிருந்து தொடங்குவதே முறை. லத்தீனில் 'ஆம்' என்பதற்கென்று தனியாக ஒரு சொல் நிலைபெறவில்லை. 'வந்தானா?' என்றால் 'வந்தான்' என்று வினையையே திருப்பிச் சொல்வார்கள்; அல்லது 'இதா', 'ஸிக்' என்பார்கள். 'ஸிக்' என்றால் 'இவ்வாறு'. அதன் வழிவந்ததுதான் ஸ்பானிய 'ஸீ'. ஆக, அடிப்படைச் சொல்லே 'நீ சொன்ன இவ்வாறுதான்' என்ற ஒப்பீடு. லத்தீனின் மற்றக் கிளைகள் வேறு வழியில் போயின. தெற்கு பிரான்ஸில் 'இது' என்று பொருள்படும் சொல் 'ஓக்' என்றாகி 'ஆம்' ஆனது. வடக்கில் 'ஓயில்' ஆகி இன்றைய பிரெஞ்சு 'வி'யாக வந்து நின்றது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாந்தே, தாய்மொழிகளைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில், 'ஆம்' சொல்லும் விதத்தைக் கொண்டே இந்த மொழிகளை மூன்றாக வகுத்தார். பிரான்ஸின் 'லாங்தோக்' என்ற பகுதியின் பெயரிலேயே அந்த 'ஓக்' இன்றும் இருக்கிறது. ஒரு மக்கள் எப்படி ஒப்புக்கொள்கிறார்கள் என்பதே அவர்கள் மொழிக்கு அடையாளமாகும் என்று அவர் கண்டது எனக்கு இன்றும் வியப்பு.

அடுத்தது 'மென்தே'. லத்தீனில் 'மென்ஸ்' என்றால் மனம். அது பெண்பாற் சொல். 'க்ளாரா மென்தே' என்றால் 'தெளிந்த மனத்தோடு'. முதலில் இது மனமுள்ளவர்கள் செய்யும் செயல்களுக்கு மட்டுமே பொருந்திய தொடர். காலப்போக்கில் 'மனம்' தேய்ந்து 'விதம்' மட்டும் எஞ்சியது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரைஷெனாவ் சொற்குறிப்புகளில், கடினமான ஒரு லத்தீன் சொல்லுக்குப் பொருளாக 'ஸோலாமென்தே' (மட்டும்) என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 'மட்டும்' என்பதில் மனத்துக்கு ஏது வேலை? 'மென்தே' அதற்குள் வெறும் விகுதியாகிவிட்டதற்கு அந்த ஒரு சொல் சான்று.

ஆனால் பழைய வாழ்வின் தடங்கள் அழியவில்லை. 'மென்ஸ்' பெண்பால் என்பதால் அதற்கு முன் வரும் பெயரடை இன்றும் பெண்பால் வடிவத்தில்தான் நிற்கும்: எக்ஸாக்தோ, எக்ஸாக்தாமென்தே, ஹூஸ்தோ, ஹூஸ்தாமென்தே. ஒரு சொல்லாக எழுதினாலும் அழுத்தம் இரண்டு இடத்தில் விழும். இரண்டு வினையடைகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது தன் 'மென்தே'யைக் கழற்றி வைத்துவிடும்: 'க்ளாரா இ ஸென்ஸியாமென்தே', தெளிவாகவும் எளிமையாகவும். நாம் 'தெளிவாக, எளிமையாக' என்று இரண்டு 'ஆக'வும் போட்டாக வேண்டும். தமிழில் 'ஆக'வும் 'ஆம்' என்பதும் 'ஆகு' என்ற ஒரே வினையில் பிறந்தவை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். செயலின் தன்மையைச் சொல்வதும் சொன்னதை ஏற்பதும் நம் மொழியிலும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கின்றன.

துல்லியத்தின் மூன்று பெரிய சொற்களுக்கு வருவோம். 'எக்ஸாக்தோ'வின் வேரான லத்தீன் வினைக்கு வெளியே செலுத்துதல், வற்புறுத்திக் கேட்டல் என்பவற்றோடு எடைபோடுதல், அளத்தல் என்ற பொருளும் உண்டு. 'ப்ரெஸிஸோ'வின் மூலம் 'வெட்டி எடுத்தது'. 'ஹூஸ்தோ'வின் மூலத்தில் இருப்பது சட்டமும் நியாயமும். அளந்தது, வெட்டியது, நியாயமானது: மூன்றும் இன்று 'சரியாக' என்ற இடத்தில் வந்து நின்றாலும் பழைய குணத்தை முற்றிலும் விடவில்லை.

'எக்ஸாக்தாமென்தே' எண்ணோடும் அளவோடும் கூசாமல் பழகும். 'எக்ஸாக்தாமென்தே த்ரேஸ்' என்றால் மிகச்சரியாக மூன்று. இரண்டோ நான்கோ இல்லை. 'ஹூஸ்தோ' இடத்தோடும் நேரத்தோடும் ஒட்டிக்கொள்ளும். 'ஹூஸ்தோ ஆகீ' என்றால் இதோ இங்கேயே. 'ஹூஸ்தோ ஆ தியெம்போ' என்றால் சரியான நேரத்துக்கு. இந்த 'ஹூஸ்தோ'வுக்கு 'மென்தே' தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரடை அப்படியே ஆண்பால் ஒருமையில் நின்று வினையடை ஆகிவிடுகிறது. பின்னால் எந்தப் பாலில் எத்தனை பேர் வந்தாலும் அது மாறாது. க்ளாரோ, எக்ஸாக்தோ, ஸியெர்தோ, கொரெக்தோ என்று பேச்சில் புழங்கும் ஒப்புதல் சொற்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். 'ஹூஸ்தாமென்தே'க்கு 'நியாயமாக' என்ற பழைய பொருளும் இருப்பதால், அது எந்தப் பொருளில் வருகிறது என்பதை இடம் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

மூன்றிலும் ஆழமானது 'ப்ரெஸிஸாமென்தே'. அகராதி இதற்குத் 'துல்லியமாக' என்று பொருள் தரும். அதை நம்பி மொழிபெயர்த்தால் பாதி இடங்களில் வாக்கியம் நொண்டும். 'ப்ரெஸிஸாமென்தே போர் எஸோ' என்பதைத் 'துல்லியமாக அதன் காரணமாக' என்று எழுதினால் அதைத் தமிழ் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'அதனால்தான்' என்று எழுதினால் வேலை முடிந்தது. ஸ்பானியர்கள் ஐந்து அசையில் செய்யும் வேலையை நம் 'தான்' ஓரசையில் செய்துவிடுகிறது. தொல்காப்பியத்தின் இடையியல் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறது. அவற்றில் தேற்றமும் பிரிநிலையும் இந்த ஸ்பானிய வினையடைகள் செய்யும் வேலைக்கு மிகவும் பக்கத்தில் நிற்பவை. தேற்றம் உறுதிப்படுத்தும்; பிரிநிலை மற்றவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கும். வெட்டி எடுத்தது என்ற வேர்ப்பொருளோடு 'ப்ரெஸிஸாமென்தே' செய்வது இந்தப் பிரிநிலை வேலையைத்தான்: பல காரணங்களுக்குள் இந்த ஒரு காரணத்தை, பல நாட்களுக்குள் இந்த ஒரு நாளை அறுத்து எடுத்துக் காட்டுகிறது.

அப்படிப் பிரித்துக் காட்டும்போது உணர்ச்சியும் சேர்ந்தே வரும். 'ப்ரெஸிஸாமென்தே ஓய்' என்று அலுத்துக்கொண்டால் 'இன்றைக்குப் பார்த்துத்தானா!' என்று பொருள். 'ஹூஸ்தோ ஓய்' என்றும் சொல்வார்கள். காலண்டர் தேதியை அங்கே யாரும் சரிபார்க்கவில்லை; எத்தனையோ நாள் இருக்க இந்த நாளில் வந்து நடந்ததே என்ற ஆதங்கம் அது. எதிர்மறையில் இன்னொரு திருப்பம். 'நோ எஸ் ப்ரெஸிஸாமென்தே பராதோ' என்றால் 'துல்லியமாக மலிவு அல்ல' என்று பொருளில்லை. 'மலிவு என்று சொல்லிவிட முடியாது' என்று நாசூக்காகச் சொல்வது. விலை எக்கச்சக்கம் என்று கேட்பவர் புரிந்துகொள்வார்.

'என் எஃபெக்தோ', 'எஃபெக்திவாமென்தே' இரண்டும் வேறு குடும்பம். செய்து முடித்தது, நிறைவேறியது என்பது அவற்றின் வேர்ப்பொருள். யாரோ சொன்னது அல்லது எதிர்பார்த்தது பின்னால் மெய்ப்படும்போது இவை வரும். 'மழை வரும் என்றான். என் எஃபெக்தோ, வந்தது.' இந்த இடத்தில் தமிழுக்குச் 'சொன்னது போலவே' என்பதுதான் இயல்பு. பத்திரிகைக் கட்டுரை, மேடைப்பேச்சு, வழக்காடல் போன்ற இடங்களில் இவை சகஜம். கடைத்தெருவில் 'என் எஃபெக்தோ' என்று பதில் சொன்னால் பிழையில்லை. ஆனால் காய்கறி வாங்கப்போன இடத்தில் பேட்டி கொடுப்பது போலிருக்கும்.

இந்த வகைப்பாட்டில் இன்றும் பெரிதும் எடுத்தாளப்படும் ஆய்வு, இக்னாசியோ போஸ்கேயும் வியொலெத்தா தெமோந்தேயும் பதிப்பித்து 1999இல் வந்த ஸ்பானிய விளக்க இலக்கணத்தில் இருக்கிறது. மரியா அந்தோனியா மார்தீன் ஸொர்ராகீனோ, ஹோஸே போர்தொலேஸ் இருவரும் எழுதிய அந்த இயல், பேச்சைக் கட்டி நிறுத்தும் சொற்களை வகைப்படுத்துகிறது. க்ளாரோ, தெஸ்தே லுவேகோ போன்றவை ஒரு செய்தி உண்மை, அது வெளிப்படை என்று ஏற்பவை. புவேனோ, வாலே போன்றவை ஒரு யோசனைக்கு இசைபவை. தமிழ் பேசுபவருக்கு இது உடனே பிடிபடும். 'அவன் ஊரில் இல்லைதானே?' என்றால் 'ஆமாம்' என்போம், 'நாளைக்குப் போகலாமா?' என்றால் 'சரி' என்போம். இடம் மாற்றிச் சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும். ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிக்கும் நம்மவர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார். நேரே தமிழிலிருந்து போனால் மறக்க வாய்ப்பில்லை.

யோசனைக்கு இசையும் சொற்கள்தாம் நாட்டுக்கு நாடு மிகுதியாக மாறுகின்றன. ஸ்பெயினில் 'வாலே', அர்ஜென்டினாவில் 'தாலே', மெக்ஸிகோவில் 'ஸாலே', கொலம்பியாவில் 'லிஸ்தோ', சிலியில் 'யா'. லத்தீன் அமெரிக்கா நெடுக மரியாதையாகச் சொல்லும் 'கோமோ நோ' என்பதற்கு நேர்ப்பொருள் 'எப்படி இல்லாமல்?'. நம்மூரில் 'இல்லாம பின்னே?' என்பதற்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது.

செய்தியை ஏற்கும் சொற்களிலும் ஊர்ச்சரக்கு உண்டு. குவாத்தமாலாவிலும் எல் சால்வடோரிலும் 'கபால்!' என்றால் 'அதேதான்!'. முழுமையானது, குறையற்றது என்ற பழைய பெயரடை அங்கே வினையடையாக உயிரோடு இருக்கிறது. அர்ஜென்டினாவில் ஒருவர் நம் மனத்தில் இருப்பதை அப்படியே சொல்லிவிட்டால் 'தால் குவால்' என்பார்கள். மெக்ஸிகோவின் 'மேரோ' இன்னும் சுவையானது. லத்தீனில் கலப்படமில்லாத திராட்சை மதுவைக் குறித்த சொல் அது. பொதுவான ஸ்பானியத்தில் 'வெறும்' என்று தேய்ந்துவிட்டது. 'வெறும் சடங்கு' என்பதற்கு 'உன் மேரோ த்ராமிதே' என்பார்கள். மெக்ஸிகோவிலோ அது கூர்மையாகியிருக்கிறது. 'ஆகீ மேரோ' என்றால் சரியாக இதே இடம். ஆனால் அதே மெக்ஸிகோவில் 'யா மேரோ' என்றால் 'அனேகமாக', 'இதோ ஆகப்போகிறது'. ஒரே சொல் இடத்தைக் குறிக்கும்போது ஊசிமுனையாகவும், நேரத்தைக் குறிக்கும்போது நெகிழ்ந்தும் நிற்கிறது.

நேரத்தைக் குறிக்கும் சொற்களை நம்பிப் பயணச்சீட்டு எடுக்கக் கூடாது. ஸ்பெயினில் 'அஓரா மிஸ்மோ' என்றால் இப்போதே, இந்த நிமிடமே. 'அஓரா'வைச் செல்லமாகக் குறுக்கிய 'அஓரிதா', மெக்ஸிகோவில் இந்த நொடி முதல் இன்று மாலை வரை எதுவாகவும் இருக்கலாம்; புவேர்த்தோ ரிக்கோவிலும் தொமினிக்கன் குடியரசிலும் 'அப்புறம்' என்றே பொருள்படும். 'ரெஸியேன்' என்ற சொல் ஸ்பெயினில் எச்சவினையோடு மட்டும் சேரும்: 'ரெஸியேன் நஸீதோ', புதிதாய்ப் பிறந்தது. தென் அமெரிக்காவில் அது தனியே நடக்கும்: 'ரெஸியேன் யெகோ' என்றால் இப்போதுதான் வந்தான். இன்னும் ஒரு படி போய் 'ரெஸியேன் மான்யானா' என்றால் 'நாளைக்குத்தான், அதற்கு முன்னால் இல்லை'. மாட்ரிட்காரருக்கு இந்தக் கடைசித் தொடர் புதிர். 2009இல் ஸ்பானிய அரச அகாதெமியும் பிற நாட்டு அகாதெமிகளும் சேர்ந்து வெளியிட்ட புதிய இலக்கணம், இத்தகைய அமெரிக்க வழக்குகளைப் பிழை என்று ஒதுக்காமல் அந்தந்த நாட்டு மரபாகப் பதிவுசெய்தது. 1713இல் தொடங்கிய அகாதெமியின் நீண்ட வாழ்வில் அது நல்ல மாற்றம் என்று உறுதியாகச் சொல்வேன்.

1492இல் சாலமன்காவில் முதல் காஸ்தீலிய இலக்கணத்தை வெளியிட்ட அந்தோனியோ தெ நெப்ரிஹா, வினையடை என்பது வினையோடு சேர்ந்து அதன் பொருளை நிரப்பும், குறைக்கும் அல்லது மாற்றும் என்று வரையறுத்தார். நிரப்புவதற்கு 'எக்ஸாக்தாமென்தே' போதும். குறைப்பதும் மாற்றுவதும்தான் படிப்பவர் காலை வாரிவிடுபவை.

'ஸெகுராமென்தே'யை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸெகுரோ' என்றால் உறுதி, வேரில் 'கவலையற்றது'. ஆகவே 'ஸெகுராமென்தே' என்றால் 'உறுதியாக' என்றுதான் யாருக்கும் தோன்றும். 'ஹுவான் வருவானா?' என்று கேட்டு 'ஸெகுராமென்தே' என்று பதில் வந்தால், ஹுவானுக்கும் சேர்த்துச் சமைக்கத் தோன்றும். ஆனால் சொன்னவர் சொன்னது 'பெரும்பாலும் வருவான்' என்பதை மட்டுமே. உண்மையில் உறுதி என்றால் 'ஸெகுரோ கே வியெனே' என்றிருப்பார். உறுதி சொல்லும் சொல்லே உறுதியை நெகிழ்த்திவிட்டது. 'ஸியெர்தாமென்தே'யும் பெரும்பாலும் ஒரு 'ஆனால்' வரப்போகிறது என்பதற்கு முன்னறிவிப்பாகவே இருக்கும்: 'விலை அதிகம்தான், ஆனால்...'. அதன் அடிப்படையான 'ஸியெர்தோ', சலித்துத் தேர்ந்தது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. பெயருக்குப் பின்னால் நின்றால் அந்தக் கண்டிப்பு இருக்கும்: 'நொதீஸியா ஸியெர்தா', உண்மையான செய்தி. பெயருக்கு முன்னால் வந்தாலோ 'ஸியெர்தா நொதீஸியா', ஏதோ ஒரு செய்தி. 'லுவேகோ' ஒரு காலத்தில் 'உடனே' என்று பொருள்பட்டது, இன்று 'பிறகு'. 'தெஸ்தே லுவேகோ' என்ற ஒப்புதல் தொடருக்குள் அந்தப் பழைய விரைவு உறைந்து கிடக்கிறது. அவசரமும் உறுதியும் எல்லாரும் தினமும் கையாளும் சரக்கு என்பதால் அவற்றைக் குறிக்கும் சொற்கள் சீக்கிரம் தேய்கின்றன. தேய்ந்த இடத்துக்கு மக்கள் புதிது கொண்டுவருகிறார்கள். ஒப்புதல் சொற்கள் ஏன் இத்தனை என்ற கேள்விக்கு என் பதிலில் பாதி இதுதான்.

மாற்றுவதற்கு 'என் அப்ஸொலூதோ'. ஆங்கிலம் தெரிந்தவர் இதைக் கேட்டதும் 'முற்றிலும் ஆம்' என்று நினைப்பார். பொருள் நேர் எதிர்: 'இல்லவே இல்லை'. 'நான் இங்கே உட்கார்ந்தால் உங்களுக்குத் தொந்தரவா?' என்றால் 'என் அப்ஸொலூதோ'. அதாவது, ஒரு தொந்தரவும் இல்லை, உட்காருங்கள். மறுப்பு வாக்கியங்களிலேயே நெடுங்காலம் புழங்கியதால் அந்தத் தொடர் மறுப்பை உள்ளே இழுத்துக்கொண்டது. ஸ்பானியத்தில் இதற்கு முன்னோடி உண்டு. 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'நாதா', லத்தீனில் 'பிறந்த பொருள்' என்ற தொடரின் எச்சம். பிறந்த பொருள் எதுவும் இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லியே சொல்லுக்குள் சூன்யம் குடியேறிவிட்டது.

உடன்படும் சொற்களில் 'தம்பியேன்', 'தம்போகோ' இரண்டையும் விட முடியாது. ஆனால் அவை எளியவை. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பவரோடு உடன்பட 'ஆ மீ தம்பியேன்'. 'எனக்குக் காபி பிடிக்காது' என்பவரோடு உடன்பட 'ஆ மீ தம்போகோ'. நம் 'எனக்கும்' இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் தமிழர் நாக்கு இரண்டாவதிலும் 'தம்பியேன்' என்றே புரளும். ஒரு வாரம் பழகினால் சரியாகிவிடும்.

'மட்டும்' என்று பொருள்படும் 'ஸோலோ'வின் கதை அத்தனை சுலபமாகத் தீரவில்லை. 'த்ரபாஹோ ஸோலோ லோஸ் தொமிங்கோஸ்' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள்: 'ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்கிறேன்' என்றும், 'ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வேலை செய்கிறேன்' என்றும் படிக்கலாம். முன்னதில் 'ஸோலோ' வினையடை, பின்னதில் பெயரடை. வினையடையாக வரும்போது முதல் உயிரெழுத்தின் மேல் 'தில்தே' என்ற சிறு கோட்டைப் போட்டு வேறுபடுத்துவது பலருக்குப் பள்ளியிலேயே படிந்த வழக்கம். 2010இல் வந்த எழுத்திலக்கணத்தில் அகாதெமி, குழப்பம் வரும் இடத்திலும் அந்தக் கோடு தேவையில்லை என்றது. அதன் வாதம் வலுவானது. 'ஸீ' (ஆம்) என்பதற்குக் கோடு இருப்பதும் 'ஸி' ('என்றால்' என்ற நிபந்தனைப் பொருள்) கோடின்றி இருப்பதும் உச்சரிப்பில் அழுத்தம் வேறுபடுவதால். 'ஸோலோ'வை எந்தப் பொருளில் சொன்னாலும் அழுத்தம் ஒன்றே. பிறகு கோடு எதற்கு?

எழுத்தாளர்கள் விடவில்லை. நாவலாசிரியரும் அகாதெமி உறுப்பினருமான அர்துரோ பேரெஸ்-ரெவேர்தே கோட்டின் பக்கம் நின்று வெளிப்படையாகவே வாதிட்டார். 2023 மார்ச்சில் அகாதெமி விதியின் சொற்களை மாற்றியது: குழப்பமில்லாத இடத்தில் கோடு கூடாது, எழுதுபவரின் கணிப்பில் குழப்பம் வரக்கூடும் என்றால் போடலாம். ஸ்பெயினின் நாளிதழ்கள் இதைப் பெரிய செய்தியாகவே எழுதின. கோடு வேண்டாம் என்ற ஒலியியல் வாதத்தின் பக்கமே நியாயம் அதிகம் என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுத்தாளர்களின் கவலை எனக்குப் புரிகிறது. 'மட்டும்' என்பது ஒரு வாக்கியத்தின் எல்லையை வரையும் சொல். ஒப்பந்தத்திலோ உயிலிலோ அது எதைக் கட்டுப்படுத்துகிறது என்பது தெரியாமல் போனால் காசு போகும், வீடு போகும். 8ஆம் நூற்றாண்டுக் குறிப்பில் நாம் பார்த்த 'ஸோலாமென்தே' இன்றும் இருக்கிறது. சந்தேகம் வரும் இடத்தில் அதை எழுதிவிட்டால் கோட்டுக்கு வேலையே இல்லை. வழக்கறிஞர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

நடையழகு கருதுபவர்கள் மட்டும் அதற்கு ஒப்பமாட்டார்கள். 'மென்தே' நீளமானது, இரண்டு மூன்று சேர்ந்தால் பத்தி முழுக்க ஒரே ஓசை ஒலிக்கும். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் இதை ஒரு நோய் என்றே கருதினார். 2002இல் வந்த தன் நினைவுக் குறிப்பு நூலில், 'மென்தே'யில் முடியும் வினையடைகள் மொழியை வறியதாக்கும் பழக்கம் என்று தன் அனுபவம் தன்னை நம்பவைத்ததாகவும், அவற்றைத் தவிர்க்கத் தொடங்கியபின் வளமான வேறு வடிவங்களைத் தேட வேண்டியிருந்ததாகவும் எழுதுகிறார். தன் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இந்தப் பித்து தொற்றியதா என்றும் அங்கே வியக்கிறார். தொற்றியது. 1985இல் வெளிவந்த காலரா காலத்துக் காதல் நாவலை ஆங்கிலத்தில் கொண்டுவந்த எடித் கிராஸ்மன், ஆங்கிலத்தில் 'லி' என்று முடியும் வினையடைகளைத் தானும் தவிர்த்ததாகச் சொல்லியிருக்கிறார்.

தவிர்த்தால் என்ன கிடைக்கும்? 'எக்ஸாக்தாமென்தே ஆ லாஸ் ஸிங்கோ' என்பதற்குப் பதில் 'ஆ லாஸ் ஸிங்கோ என் புந்தோ' என்று எழுதலாம். புள்ளியில் நிற்கும் ஐந்து மணி. 'கோன் எக்ஸாக்திதூத்' என்று பெயர்ச்சொல்லுக்குப் போகலாம். மேலும் நல்ல வழி, வினையையே கூர்மையாகத் தேர்ந்து வினையடைக்கு இடமில்லாமல் செய்வது. ஒப்புதல் சொற்களில் இந்தச் சிக்கல் குறைவு. பேச்சில் ஸ்பானியர் 'எக்ஸாக்தாமென்தே' என்று முழுதாகச் சொல்வதைவிட 'எக்ஸாக்தோ' என்று முடிப்பதே அதிகம். மார்க்கேஸைத் தமிழில் தருபவர் இதையே 'ஆக' மீது செய்து பார்க்கலாம். 'மெதுவாக நடந்தார்' என்பது 'நிதானித்து நடந்தார்' ஆகும். 'உறுதியாகச் சொன்னார்' என்பது 'அடித்துச் சொன்னார்' ஆகும். 'துல்லியமாக அன்றைக்கு' என்று வருமிடத்தில் 'அன்றைக்கென்று பார்த்து' என்று போடலாம்.